தாம்பாளத்தில் போன பள்ளிக்கூடம்

நெடுவிளாப்பட்டிக்காரர்களுக்கு எல்லாம் வரும், இல்லை என்று சொல்ல மட்டும் வராது. வாசலில் வந்து நின்றவர் யாராக இருந்தாலும் முதலில் தண்ணீர், பிறகு துண்டால் தட்டிப் போட்ட நாற்காலி, பிறகு கலர் சோடா, அதற்கும் பிறகுதான் யார், என்ன, எந்த ஊர் என்ற விசாரணை. வேறெங்கோ பெண் பார்க்கக் கிளம்பிய கூட்டம் ஒன்று வழி தவறி இங்கே வந்து இறங்கிவிட, இது அந்த ஊர் இல்லை என்று சொல்ல மனம் வராமல், ஊரில் இருக்கிற பெண்களில் ஒருத்திக்குப் பூ வைத்துக் காட்டி அனுப்பினார்கள் என்றும், அந்தக் கல்யாணம் நல்லபடியாகவே நடந்து மூன்று பிள்ளைகளும் ஆகிவிட்டன என்றும் சுற்றுப்பட்டில் கேலி பேசுவார்கள். கேட்டால் அதையும் இவர்கள் இல்லை என்று மறுக்க மாட்டார்கள்.

அப்படிப்பட்ட ஊரில்தான் பள்ளிக்கூடம் சிறுக்க ஆரம்பித்தது. மழையில் கரைந்து அல்ல, கறையான் அரித்தும் அல்ல. சுவர், ஓடு, ஜன்னல், கரும்பலகை, வாசலில் தொங்கிய மணி என்று அரசாங்கம் கொடுத்தது எல்லாமே ஒன்றுக்கொன்று அளவு பிசகாமல், புதுப் பருத்திச் சட்டை முதல் துவைப்பில் சுருங்குகிற மாதிரி சுருங்கிக்கொண்டு வந்தது. அதற்கு ஒவ்வொரு முறையும் கையெழுத்துப் போட்டவள் சித்திரகலா.

சித்திரகலா ஐந்தாவதோடு நின்றவள். அந்த ஓட்டுக் கட்டடத்தின் இரண்டு அறைகளில் படித்து முடித்தவளுக்கு, மேலே படிக்கச் சாலையைத் தாண்டிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டியிருந்தது. அவளுக்கு முந்தின வருஷம் அப்படிப் போன பிள்ளை ஒன்று லாரியில் அடிபட்டுச் செத்திருந்ததால், அவள் அப்பா புத்தகப் பையை ஆணியில் மாட்டியவர் மாட்டியவர்தான். இப்போது அந்தச் சாலை நாலு வழியாகி, வண்டிகள் கண் சிமிட்டுவதற்குள் பறக்கின்றன. சித்திரகலாவுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை என்று ஒன்றும் கிடையாது. மூத்தவன் மூன்றாவது படித்துக்கொண்டிருந்தான், பயமறியாத பயல். இளையவள் கனிஷ்காவுக்கு அப்போது மூன்று வயது. அவள் ஐந்தாவது முடிக்கிற வரைக்குமாவது அந்தச் சாலையைத் தாண்டாமல் படிக்க வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு ஒரு தாய்தான் தலைவராக இருக்க வேண்டும் என்றபோது, கையெழுத்து அழகாகப் போடுவாள் என்று எல்லோரும் அவள் பெயரைச் சொன்னார்கள். அது உண்மை. பெயரின் கடைசி எழுத்திலிருந்து ஒரு கோட்டை இழுத்து, அதைத் திருப்பிக் கொண்டுவந்து முதல் எழுத்தின் அடியில் சேர்ப்பாள், பார்க்க மல்லிகைக்கொடி மாதிரி இருக்கும். அந்தக் கையெழுத்தைப் போட அதுவரை அவளுக்கு ரேஷன் கடையைத் தவிர வேறு இடம் வாய்த்திருக்கவில்லை.

முதல் காகிதத்தோடு கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் நல்ல மனிதர். அதைச் சொல்லத்தான் வேண்டும். குரல் உயர்த்திப் பேச மாட்டார், செருப்பை வெளியே விட்டுத்தான் வகுப்புக்குள் வருவார், சித்திரகலாவைத் தலைவரம்மா என்று கூப்பிட்டு, அவள் உட்கார்ந்த பிறகே தான் உட்காருவார். மேலே நிதி இல்லை, பிள்ளைகள் முப்பத்தொன்றுக்கு இரண்டு ஆசிரியர் என்பது உபரி, ஆகவே ஒருவரை வேறு பள்ளிக்கு அனுப்புகிறோம், குழுவுக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தீர்மானம் மட்டும் வேண்டும் என்று கலர் சோடாவை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்.

தலைமையாசிரியை ஜெசிந்தா டீச்சர் காகிதத்தை வாங்கி ஒருமுறை வாசித்தாள். சித்திரகலாவின் கையில் கொடுக்கும்போது, "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க," என்றாள்.

"சாரே சொல்றாரே டீச்சர்," என்றாள் சித்திரகலா, கொடியைச் சுழித்து முடித்தபடி.

டீச்சர் அவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை அப்போது அவள் பொறாமை என்று எடுத்துக்கொண்டாள். பிற்பாடு அதை நினைத்து நினைத்து உருகாத நாள் கிடையாது.

மறுநாள் காலையில் மணியடிக்கப் போன டீச்சரின் நெற்றி நிலைப்படியில் இடித்தது. முப்பது வருஷம் நிமிர்ந்து போய் வந்த நிலை அது. கட்டடம் ஒரு முழம் குறைந்திருந்தது. செய்தி கேட்டு ஊர் கூடி வந்து சுற்றிப் பார்த்து, ஆமாம் குறைந்துதான் இருக்கிறது, முன்னெல்லாம் புங்கமரத்து நிழல் கூரைக்கு எட்டாது, இப்போது எட்டுகிறது, வெயிலுக்கு நல்லதுதான் என்று பேசிக் கலைந்தார்கள். தச்சுவேலை பார்க்கும் சேதுராயர் மட்டும் நின்று, பெரியவர்கள் தலை இடித்தாலும் வலிக்காமலிருக்க நிலைப்படிக்குப் பழைய கோணியைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போனார்.

போர்வெல் லாரியோடு வடக்கே சுற்றிவிட்டு இரண்டு மாதத்துக்கொரு தரம் வரும் சித்திரகலாவின் புருஷன் ராசாங்கம், போன தடவை நான் நிமிர்ந்துதானே உள்ளே போனேன் என்று கேட்டான். நீங்கள்தான் கொஞ்சம் தாட்டியமாகிவிட்டீர்கள் என்று சொல்லி, அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

இரண்டாவது காகிதம் வந்தது. கூட்டிப் பெருக்கும் அம்மாளுக்கும் வருஷா வருஷம் அடிக்கிற வெள்ளைக்கும் இனி நிதி கிடையாது. அவர் சொன்னார், இவள் போட்டாள், பள்ளிக்கூடம் இன்னொரு முழம் குறைந்தது. ஊர் அதையும் சமாளித்தது. முறை வைத்துக் கூட்டினார்கள், தை மாதத்தில் வீட்டுக்கு அடித்தது போக மிச்சச் சுண்ணாம்பைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்துக்கு அடித்தார்கள், சுவர் குட்டையானதால் ஏணி தேவைப்படவில்லை என்று சந்தோஷமும் பட்டார்கள். தேர்தல் வந்தபோது வாக்குச்சாவடி அங்கேதான். அதிகாரிகள் கழுத்தை மடக்கிக்கொண்டு ஒரு நாளைத் தள்ள, ஊர் குனிந்து உள்ளே போய்க் குனிந்து வெளியே வந்தது. குனிந்து போட்டாலும் ஓட்டு ஓட்டுதான். அளந்து பார்க்க வந்த பொறியாளர் நாடாவை நீட்டிப் பார்த்து, ஏட்டைப் புரட்டி, ஏட்டில் இருபத்திரண்டு அடி என்று இருக்கிறது, ஆகவே இருபத்திரண்டு அடிதான் என்று எழுதிக்கொண்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் ஊருக்கு அந்த யோசனை தோன்றியது, யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை, சித்திரகலாவாகவும் இருக்கலாம். பள்ளிக்கூடத்துக்குச் சீர் செய்வோம். மஞ்சள்நீராட்டுக்குத் தாய்மாமன் கொண்டுபோவது போல, பெண்கள் தலையில் தாம்பாளம் ஏந்தி, வாழைப்பழமும் பூவும் சாத்துக்குடியும் வைத்து, நடுவில் சாக்பீஸ் பெட்டியும் நோட்டுக் கட்டும் வைத்து, முன்னால் தவில் கொட்ட, பின்னால் ஆண்கள் நாலு பெஞ்சு, இரண்டு மின்விசிறி, ஒரு பெரிய இரும்பு பீரோ என்று சுமந்துகொண்டு போய்ப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கினார்கள். பீரோவின் மேல் கொடுத்தவர்கள் பெயரெல்லாம் சிவப்புப் பெயிண்டில் இருந்தது. பேப்பரில் படம் வந்தது. காகிதம் கொண்டுவருகிற அந்த அலுவலக மனிதரும் வந்திருந்தார். ஊர் ஒத்துழைப்பை இந்த மாதிரி எங்குமே பார்த்ததில்லை என்று கண் கலங்கப் பேசி, சித்திரகலாவுக்குச் சால்வை போர்த்தினார். அவர் கண்ணீரும் பொய் இல்லை, அதுதான் கஷ்டம்.

ஒரே ஒரு விஷயத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஊர் கொடுத்த சாமான் சிறுக்கவில்லை. அரசாங்கத்துப் பள்ளிக்கூடம் மட்டும்தான் சிறுத்தது.

சீர் நடந்து மாதம் மூன்று ஆவதற்குள் மூன்றாவது காகிதம் வந்தது. உங்கள் ஊர்தான் எல்லாம் செய்துகொள்கிறதே, அதனால் உங்கள் பள்ளிக்கு வர வேண்டிய சாமான்களை இல்லாத ஊருக்குக் கொடுக்கலாம் என்று மேலே முடிவாகியிருக்கிறது. ஒரு ஆட்சேபணையும் இல்லைதானே என்று கேட்டார். இல்லாத ஊருக்கு என்று சொன்ன பிறகு எந்த வாயால் இல்லை என்பது? மல்லிகைக்கொடி படர்ந்தது. பள்ளிக்கூடம் ஒரேயடியாக இரண்டு முழம் இறங்கியது. அறைக்குள் பெஞ்சு நாலும் சுவரோடு சுவர் முட்டி, பீரோ உத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க, பிள்ளைகள் உட்கார இடமில்லாமல் வெளியே வந்தார்கள். சேதுராயர் பெஞ்சுகளின் காலை அறுத்துப் பார்த்தார். பிறகு ஓட்டைப் பிரித்துப் பீரோவைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, ஓட்டைத் திரும்ப வேய்ந்தார். சீர் கொடுத்த சாமான் பள்ளிக்கூடத்துக்குள் கொள்ளவில்லை என்பதை ஊர் ஒரு பெருமையாகவே பேசியது. பெரிய பிள்ளைகளுக்குப் புங்கமரத்தடி, முதல் இரண்டு வகுப்புக்கு உள்ளே என்று ஜெசிந்தா டீச்சர் பிரித்துக்கொண்டாள். டீச்சர் ஜன்னல் வழியாகக் கையை விட்டுக் கரும்பலகையில் எழுதுவாள்.

அந்த வருஷம் கனிஷ்காவுக்கு நாலு வயது. பள்ளிக்கூடத்து வாசற்படி அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்தது போலிருந்தது. அண்ணனோடு வருகிறேன் என்று அடம்பிடித்து வந்து, தலை நிமிர்ந்து உள்ளே போய், பெரிய மனுஷி மாதிரி கையைக் கட்டிக்கொண்டு வெளியே வருவாள். பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர் என்று சித்திரகலா கெஞ்சினாள். ஐந்து ஆகாமல் சேர்க்க முடியாது என்றாள் டீச்சர். அடுத்த ஜூன் வரைக்கும்தானே, ஒரு வருஷம் பொறுக்கட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஒரு வருஷத்துக்குள் நாலாவது காகிதம் வந்தது. சமையற்கூடம் இனி வேண்டாம், பெரிய பள்ளியில் மொத்தமாகச் சமைத்து வண்டியில் வரும். சோறு பத்தரைக்கே வந்துவிடும், அல்லது இரண்டரைக்கு வரும். பிள்ளைகள் அதற்கும் பழகினார்கள். பிள்ளைகள் வீடு வீடாகக் குறைந்தார்கள், வேன் வரும் பள்ளிக்கூடங்களுக்குப் போனார்கள், பள்ளிக்கூடம் ஆட்டுக்குட்டி அடைக்கிற கூடையளவுக்கு ஆனது. மழை வந்தால் நனையுமே என்று ஒருநாள் சேதுராயரும் இன்னும் மூன்று பேரும் அதை அடியோடு அலுங்காமல் தூக்கி, மைதானத்தில் தனியாக நின்ற அந்தச் சீர் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்து மூடினார்கள். காலையில் டீச்சர் வந்து பீரோவைத் திறந்து, சுண்டுவிரல் நகத்தால் மணியைத் தட்டுவாள். புங்கமரத்தடியில் மிச்சமிருந்த ஏழு பிள்ளைகள் எழுந்து நின்று தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவார்கள்.

ஜூனில் கனிஷ்காவுக்கு ஐந்து முடிந்தது. சித்திரகலா அவளுக்குத் தலைவாரி, புதுச் சீருடை போட்டு, கையில் சிலேட்டும் கொடுத்துக் கூட்டிப் போனாள். குழந்தை பீரோவின் முன்னால் நின்றது. நிலைப்படி அவள் கணுக்காலுக்கு இருந்தது. எப்படிம்மா உள்ளே போறது என்று கேட்டாள். இத்தனை முழமும் எங்கே போனதென்று சித்திரகலாவுக்குத் தெரியும். தன் கையெழுத்தின் அழகில்தான் போனது என்று அன்றைக்குத்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாவது காகிதம் தபாலில் வந்தது. பிள்ளைகள் மிகக் குறைவாக இருப்பதால் பள்ளி, சாலைக்கு அப்பாலுள்ள பெரிய பள்ளியோடு இணைக்கப்படுகிறது. கட்டடத்தையும் தளவாடங்களையும் குழுத் தலைவர் நேரில் கொண்டுவந்து ஒப்படைத்துக் கையெழுத்திட வேண்டும்.

ஒரு பொருளை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொடுக்க நெடுவிளாப்பட்டிக்குத் தெரிந்தது ஒரே முறைதான். பித்தளைத் தாம்பாளம் விளக்கினார்கள். வாழைப்பழமும் பூவும் பரப்பி, நடுவில் பள்ளிக்கூடத்தை வைத்தார்கள். சித்திரகலா தலையில் ஏந்த, கனிஷ்கா அவள் சேலையைப் பிடித்துக்கொள்ள, முன்னால் தவில் கொட்டக் கிளம்பினார்கள். சாலையில் லாரிகளும் பஸ்களும் கார்களும் இரண்டு பக்கமும் நின்று வழி விட்டன. ஏதோ சாமி வருகிறது என்று நினைத்து ஒரு டிரைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிள்ளைகளுக்காக ஒரு நாளும் நிற்காத சாலை அது. சித்திரகலாவின் கழுத்து வலிக்கவில்லை, பாரம் அவ்வளவு லேசாக இருந்தது. அதற்குத்தான் அவள் வழியெல்லாம் அழுதாள்.

பெரிய பள்ளியின் தலைமையாசிரியர் அறையில் அந்த மனிதரும் காத்திருந்தார். தாம்பாளத்தை மேஜையில் இறக்கினாள். அவர் வழக்கம்போல எழுந்து நின்று வணங்கி, காகிதத்தைத் திருப்பி வைத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். இதுதான் கடைசி, இதற்கு மேல் உங்களைத் தொந்தரவு செய்ய மாட்டோம் என்றார்.

கனிஷ்கா மேஜை விளிம்பில் முகவாயை வைத்து ஜன்னலுக்குள் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். "உள்ள போர்டுல இன்னைக்குத் தேதி எழுதியிருக்கும்மா," என்றாள். ஜெசிந்தா டீச்சர் கூட்டத்தின் பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்தாள். குண்டூசியால் சாக்பீஸைத் தொட்டு எழுதியிருப்பாள் போலிருக்கிறது.

சித்திரகலா பேனாவை வாங்கினாள். தாகமாக இருந்தது. வெயிலில் அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு இன்னும் யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை, உட்காரச் சொல்லி ஒரு நாற்காலி இழுத்துப் போடவில்லை. அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இது அவள் வாசல் இல்லை. இன்றைக்கு அவர் விருந்தாளி இல்லை, வந்திருப்பவள் அவள். வாசலுக்கு வந்தவரிடம்தான் இல்லை என்று சொல்லக் கூடாது. வந்தவர்கள் சொல்லக் கூடாது என்று ஊரில் எவரும் எந்தக் காலத்திலும் சொல்லி வைத்ததில்லை.

காகிதத்தை எடுத்து, எழுத்துக் கூட்டி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். தவில்காரன் வியர்வையைத் துடைத்தான்.

"இல்லைங்க சார்," என்றாள். "போட முடியாது."

அவர் கோபப்படவில்லை. நீங்கள் போடாவிட்டாலும் இணைப்பு இணைப்புதானே அம்மா என்று வருத்தமாகத்தான் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் தாம்பாளத்திலிருந்து ஒரு வாழைப்பழம் உருண்டு கீழே விழுந்தது. பிறகு ஒரு சாத்துக்குடி. சேதுராயர் மேஜையருகே குனிந்து, நிலைப்படியில் விரலை வைத்துப் பார்த்தார். வைத்த விரலை எடுக்காமல் நிமிர்ந்து ஊரைப் பார்த்தார்.

"ஒரு விரக்கடை ஏறியிருக்கு," என்றார்.

அது சந்தோஷப்பட வேண்டிய நேரம்தான், ஆனால் அத்தனை பேர் மனசிலும் ஒரே நினைப்பு ஓடியது. இவ்வளவுதானா? இதைச் சொன்னால் போதுமா? ஒரு வார்த்தையைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டா முழம் முழமாகக் கொடுத்தோம்? சித்திரகலா பள்ளிக்கூடத்தைத் தூக்கி மறுபடி தலையில் வைத்தாள். திரும்பும்போது தவில் கொட்டவில்லை, அதனால் வண்டிகளும் நிற்கவில்லை. வெகுநேரம் காத்திருந்துதான் சாலையைத் தாண்டினார்கள்.

அடுத்த சில நாட்கள் ஊர் முழுக்க இல்லை என்ற சொல்லைப் பழகியது. சேதுராயர் பெண்டாட்டி கொடுத்த காப்பியை இல்லை வேண்டாம் என்றார். விசேஷத்துக்கு அழைக்க வந்தவர்களை வர முடியாது என்று ஒருவர் முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு, அவர்கள் போனபின் உட்கார்ந்து வருத்தப்பட்டார். ஒவ்வொரு தரமும் யாராவது ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்து பார்த்தார்கள். ஒரு நூல் கூட ஏறவில்லை. காகிதத்துக்குச் சொன்னால்தான் ஏறும் என்று புரிய ஒரு வாரம் ஆனது. காகிதம்தான் அதன் பிறகு வரவே இல்லை. கொடுக்க ஒன்றும் மிச்சமில்லாதவர்களிடம் யார் வந்து கேட்பார்கள்? இன்றைக்கும் நெடுவிளாப்பட்டியில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், துண்டால் தட்டி நாற்காலி போட்டு, கலர் சோடாவை உடைத்து வைத்துக்கொண்டு, வருகிறவரிடம் இல்லை என்று சொல்ல ஊரே வாசலில் நிற்கிறது. ஜீப் வேறு ஊருக்குப் போய்விடுகிறது.

கனிஷ்கா பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்ந்துவிட்டாள், சேர்க்காமல் என்ன செய்வது. தினமும் காலையில் போகும் வழியில் பீரோவைத் திறந்து, ஒரு கண்ணால் உள்ளே பார்த்துவிட்டுத்தான் வருவாள். ஜெசிந்தா டீச்சரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டாள், கரும்பலகையில் அந்தத் தேதி அப்படியே இருக்கிறது. மூத்தவன் அதற்குள் சாலையைத் தாண்டிப் போயிருப்பான். சித்திரகலா கனிஷ்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையோரத்தில் நிற்பாள். ஒரு லாரி போகும், பின்னாலேயே இன்னொன்று வரும். காற்றில் இருவர் சேலையும் பாவாடையும் ஒரே பக்கம் இழுக்கும்.

அப்படி நின்ற ஒரு நாளில்தான் குழந்தை கேட்டது. "அம்மா, அன்னைக்கு இல்லைன்னு சொன்னியே, அதை மொதப் பேப்பருக்கே சொல்லியிருந்தா நான் இந்த ரோட்டைத் தாண்ட வேண்டியதே இல்லைல்ல?"

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. கணக்குப் போட்டுப் பார்த்து விடை சரிதானா என்று கேட்கிற குரல். இதற்காவது இல்லை என்று சொல்லிவிட மாட்டோமா என்று சித்திரகலா வார்த்தையைத் தேடிப் பார்த்தாள்.

"ஆமாடி," என்றாள். வலப்பக்கம் பார்த்து, இடப்பக்கம் பார்த்து, கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சாலையில் இறங்கினாள்.